நிற்காத விண்மீன்கள் தரும் இணையம்

2022 ஜனவரி 15 அன்று பசிபிக் கடலில் டோங்கா தீவுகளுக்கு அருகே கடலடி எரிமலை ஒன்று வெடித்தது. ஆழிப்பேரலை எழுந்தது. அந்நாட்டை உலகத்தோடு இணைத்திருந்த ஒரே கடலடிக் கேபிளும் அறுந்தது. சொந்தபந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வெளிநாடுகளில் வாழும் டோங்கர்களால் விசாரிக்கக்கூட முடியவில்லை. கேபிளைச் சீராக்க ஐந்து வாரம் ஆனது. அதுவரை கைகொடுத்தவை செயற்கைக்கோள்கள்தான்.

செயற்கைக்கோள் வழி இணையம் புதிதல்ல. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமியோடு சேர்ந்தே சுற்றும். கீழிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்கும். மொட்டைமாடி டிஷ் எப்போதும் ஒரே திசையைப் பார்ப்பது இதனால்தான். ஆனால் தொலைவு மிக அதிகம். நம் கேள்வி மேலே போய் இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப, ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை விநாடி ஆகிறது. சினிமா பார்க்க இது தடையில்லை. வீடியோ அழைப்பில் இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும்.

அப்படியானால் கிட்டே கொண்டுவரலாமே? ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை செய்தது அதைத்தான். அதன் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில், 65 மடங்கு நெருக்கத்தில் பறக்கின்றன. தாமதம் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவு. ஆனால் அவ்வளவு தாழ்வில் விழாமல் இருக்க மணிக்கு சுமார் 27,000 கி.மீ. வேகத்தில் ஓடவேண்டும். நம் தலைக்கு மேலே தெரிவது சில நிமிடங்களே. ஒன்று மறையும்முன் அடுத்தது வந்தாக வேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன. 2019 மே மாதம் 60 செயற்கைக்கோள்களோடு இந்த அணிவகுப்பு தொடங்கியது. போட்டியாளரான ஒன்வெப் 1,200 கி.மீ. உயரத்தைத் தேர்ந்தெடுத்தது; அதன் 72 செயற்கைக்கோள்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் எல்விஎம்3 ராக்கெட்டில் சென்றவை.

இப்படி ஓடும் செயற்கைக்கோளை வீட்டிலுள்ள டிஷ் தட்டு எப்படிப் பின்தொடர்கிறது? தட்டுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்கள் உள்ளன. ஒவ்வொன்றின் அலையையும் இம்மியளவு முன்பின்னாக அனுப்பினால், எல்லாம் கூடி ஒரே திசையில் வலுப்பெறும். தட்டு அசையாது, அலைகளின் கற்றை மட்டும் திரும்பும். அலையை வாங்கும் செயற்கைக்கோள் அதை இணையத்தோடு இணைந்த தரைநிலையத்துக்கு இறக்குகிறது. நடுக்கடலில் தரைநிலையம் ஏது? அங்கே லேசர் ஒளியால் பக்கத்துச் செயற்கைக்கோளுக்குக் கைமாற்றிவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. வானியலாளர்களின் படங்களில் இவை கோடுகளாக விழுகின்றன. மோதல் அபாயமும் கூடுகிறது. நெருக்கமான நகரங்களில் ஃபைபர் கேபிளே சிறந்தது. ஆனால் டோங்காவின் வெளித்தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிள் சீராக ஓராண்டுக்கு மேல் பிடித்தது. அங்குள்ள ஒரு குடும்பம் இணையத்தைப் பெற ஒரு டிஷ் தட்டும் திறந்த வானமும் கொஞ்சம் மின்சாரமும் போதும் என்பது சிறிய செய்தியல்ல.