கவாத்தும் கனியும்

குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். பின்னர்த் துளிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை கனி தரும். தேனி மாவட்டத்து இராயப்பன்பட்டியிலோ அதற்கு நெடிய உறக்கம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை விளைகிறது. இதன் காரணம் யாது?

இப்பள்ளத்தாக்கிற்கு மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரணாக நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவே பெற்றுக்கொள்கிறது. எனவே, இங்கு மழை அளவாகப் பெய்கிறது. வெயில் நிறைவாகக் கிடைக்கிறது. கிணறுகளும், 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீரும் பள்ளத்தாக்கின் நீர்க்குறையைப் போக்குகின்றன. ஓரிடத்திற்கே உரிய இத்தகைய தட்பவெப்பம் நுண்காலநிலை எனப்படும்.

கடுங்குளிர் இல்லாத இந்நிலத்தில் பருவத்தைத் தொடங்கிவைப்பவர் உழவரே. கிளைகளைக் கவாத்து செய்ததும் கொடி துளிர்க்கிறது. ஏறத்தாழ நான்கு மாதங்களில் குலைகள் பழுக்கின்றன. தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்து நாள் வேறுபடுவதால் அறுவடை ஓய்வதில்லை. ஆயினும், பூக்கும் காலத்தில் தொடர்மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். பழுக்கும் வேளையில் பெய்தால் கனிகள் வெடிக்கும். கவாத்து நாளைத் தேர்வதில் நான்கு மாத உழைப்பின் பயன் அடங்கியுள்ளது.

பந்தலின்கீழ்க் கைகளை உயர்த்திக் கொடி கட்டுதலும் குலை கொய்தலும் உடலை ஓயாது இயக்கும் பணிகள். உழைப்பு உடலுக்கு உரமூட்டும். காப்பின்றித் தெளிக்கும் பூச்சிமருந்தோ அதே உடலைக் கெடுக்கும். தெளிப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிதல், உரிய இடைவெளி கடந்தபின் அறுவடை செய்தல், கனியை நன்கு கழுவி உண்ணுதல் ஆகியவை இன்றியமையாதவை. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. அப்பெருமை மண்ணுக்கு மட்டும் உரியதன்று. காலமறிந்து உழைக்கும் கைகளுக்கும் உரியது.