பாழடைந்த பண்ணைவீடும் துருப்பிடித்த ஆணியும்

மெட்டல் டிடெக்டர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது ரயில்வே ஸ்டேஷன் வாசலும், மால் செக்யூரிட்டி கையில் இருக்கும் அந்த மட்டையும்தான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது ஒரு விடுமுறை நாள் பொழுதுபோக்கு. காதில் ஹெட்ஃபோன், கையில் நீளமான கருவி, இடுப்பில் ஒரு சின்ன மண்வெட்டி. அமெரிக்காவில் இவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் கைவிடப்பட்ட பழைய பண்ணைவீடு. ஏன் அங்கே போகிறார்கள், எப்படித் தேடுகிறார்கள், அதில் வரலாற்றுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்? இதுதான் இந்தக் குறிப்பு.

காட்டுக்குள் எப்படி வீடு?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூ இங்கிலாந்து மாநிலங்களில் காட்டுக்குள் நடந்தால் திடீரென்று இடுப்பளவு கற்சுவர் குறுக்கே வரும். காட்டுக்குள் யார் சுவர் கட்டினார்கள்? யாரும் இல்லை. 200 வருஷத்துக்கு முன் அது வயல். கல் நிறைந்த அந்த மண்ணில் மல்லுக்கட்டிய விவசாயிகளுக்கு, 1825-இல் ஈரி கால்வாய் திறந்தபின் மேற்கே நல்ல நிலம் எட்டும் தூரத்தில் வந்தது. பலர் கிளம்பிவிட்டார்கள். வீடு இற்று விழுந்தது, வயலில் மரம் முளைத்தது. மிஞ்சியது கல் அடுக்கிய ஒரு நிலவறைப் பள்ளம், ஒரு கிணறு, சுற்றிலும் சுவர்.

இடம் பிடிப்பது

பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். 1850, 60-களில் அச்சான மாவட்ட வரைபடங்களில் ஒவ்வொரு வீட்டையும் ஒரு புள்ளியாகப் போட்டு, பக்கத்தில் குடும்பத் தலைவர் பெயரையும் எழுதியிருப்பார்கள். அதை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டியதுதான். இப்போது லைடார் வேறு வந்துவிட்டது. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, மரங்களைக் கழித்துவிட்டுத் தரையின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும் தொழில்நுட்பம். அமெரிக்க அரசு இந்தத் தரவை இலவசமாகவே தருகிறது. காட்டுக்கு அடியில் கற்சுவர்கள் கோடு கோடாகத் தெரியும்.

நேரில் போனால் செடியே காட்டிக்கொடுக்கும். நடுக்காட்டில் லைலாக் புதர் பூத்து நின்றால், யாரோ ஒரு பெண்மணி வாசலில் நட்டது என்று அர்த்தம். நம்ம ஊர்ல இடிந்த வீட்டுக் கொல்லையில் முருங்கை மட்டும் நிற்கிற மாதிரி.

கருவிக்குள்ளே என்ன நடக்குது?

முனையில் இருக்கும் வட்டத்துக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அடியில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை எழுப்பும். இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்தான்!

சுவாரஸ்யம் அடுத்ததில் இருக்கு. திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது அந்தப் பொருளின் கடத்துதிறனையும் அளவையும் பொறுத்தது. வெள்ளிக்கும் செம்புக்கும் ஒருவிதம், காந்தத் தன்மையுள்ள இரும்புக்கு வேறுவிதம். கருவி இதை ஒரு எண்ணாகவும் ஒலியாகவும் மாற்றித் தரும். ஆனால் அந்த எண் ஊகம் மட்டுமே. சின்னத் தங்க மோதிரமும் கசங்கிய அலுமினியத் தாளும் பல நேரம் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

யோசனை பழையதுதான். 1881-இல் சுடப்பட்ட ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் இருந்த குண்டைத் தேட, தொலைபேசி புகழ் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புக் கம்பிகள் குறுக்கிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

பண்ணைவீட்டிலும் அதே தலைவலி. மரவீடு இற்று விழுந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் ஆணிகள். 'இரும்பை ஒதுக்கு' என்று கருவிக்குச் சொல்லிவிட்டால் ஆணிச் சத்தம் போய்விடும். ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் நாணயமும் சேர்ந்து மறைந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் சின்னச் சுருளை மாட்டிக்கொண்டு, எல்லாச் சத்தத்தையும் கேட்டபடி அடி அடியாக நகர்வார்கள்.

கிடைப்பது என்ன?

சட்டைப் பொத்தான், ஷூ பக்கிள், கரண்டி, மஸ்கெட் துப்பாக்கிக் குண்டு, குதிரைச் சேணத்தின் துண்டுகள். அதிர்ஷ்டம் இருந்தால் 1793 முதல் 1857 வரை அடித்த பெரிய செம்பு சென்ட். சில சமயம் ஸ்பானிய வெள்ளி! அமெரிக்கப் பண்ணையில் ஸ்பெயின் காசுக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். 1857 வரை அது அங்கே சட்டப்படி செல்லுபடியான பணம். எட்டு ரியால் நாணயத்தைத் துண்டாக வெட்டிச் சில்லறையாகவும் புழங்கினார்கள்.

ஆனால் அந்த இடத்தின் வயதைச் சொல்வதில் ஆணி சளைத்ததில்லை. கொல்லர் கையால் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பி இருக்கும். 1790-களில் இருந்து இரும்புத் தகட்டை எந்திரத்தில் வெட்டிச் செய்த ஆணி பரவியது; அது இரண்டு பக்கம் மட்டும் கூம்பும். நாம் இன்று வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி 1890-களில்தான் சந்தையைப் பிடித்தது. ஒரு பள்ளத்தில் கையடி ஆணி மட்டுமே கிடைத்தால் வீடு ஏறக்குறைய 1800-க்கு முந்தியது என்று ஊகிக்கலாம். நாணயம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியும் வந்திருக்கும். ஆணி பெரும்பாலும் கட்டியபோதே இறங்கியது. பழைய ஆணியை எடுத்துத் திரும்ப அடிப்பதும் உண்டு என்பதால், ஒன்றிரண்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. வர்ஜீனியாவில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஆணிக்காகவே வீட்டைக் கொளுத்தினார்கள். அதைத் தடுக்க 1645 வாக்கில் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது!

தேடுபவர்களில் பலர் முதலில் தூக்கி எறிவது இந்த ஆணியைத்தான்.

பொருளா, இடமா?

தொல்லியலாளர்கள் கோபப்படுவதும் இதனால்தான். பொருள் எங்கே, எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கு. குழிதோண்டி எடுத்த நொடியில் அது அழிந்துபோகும். லாக் ஃபைலில் இருந்து டைம்ஸ்டாம்பை நீக்கிவிட்டு வரிகளை மட்டும் வைத்திருப்பது மாதிரி.

ஆனால் கருவியே எதிரி இல்லை. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த இடத்தில் 1983-இல் காட்டுத்தீ புல்லை எரித்தது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் இந்தப் பொழுதுபோக்காளர்களையே தன்னார்வலர்களாக வரிசையில் நிறுத்தித் தேடினார்கள். ஒவ்வொரு தோட்டா உறையின் இடத்தையும் பதிந்து, அதில் துப்பாக்கி விட்ட தடத்தை ஒப்பிட்டதில், தனித்தனித் துப்பாக்கிகள் களத்தில் எங்கெங்கே நகர்ந்தன என்பதே தெரியவந்தது.

1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போன நண்பருக்கு ரோமானியப் புதையல் அகப்பட்டது. சுமார் 15,000 காசுகள். அவர் முழுதாகத் தோண்டாமல் நிறுத்தித் தகவல் சொன்னார். அதனால்தான் புதையல் மரப்பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதுகூடத் தெரிகிறது. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்!

சட்டம்

அமெரிக்காவில் தனியார் நிலம் என்றால் உரிமையாளர் அனுமதி கட்டாயம். மத்திய அரசு நிலத்தில் 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979 சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் புதையல் என்று சட்டம் வரையறுக்கும் எதையும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஆன்லைனில் கருவி வாங்கி நம்ம ஊர்ப் பாழடைந்த பண்ணைவீட்டில் இறங்கலாமா என்று நினைப்பவர்களுக்கு: 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கு. மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டவே கூடாது.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலில் உழும்போதோ ஏதாவது தட்டுப்பட்டால், அதை உருவி எடுக்காதீங்க. தேய்த்துக் கழுவவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்க, ஜிபிஎஸ் புள்ளியைக் குறிங்க, அப்புறம் போன் பண்ணுங்க. பக்கத்தில் துருப்பிடித்த ஆணி கிடந்தால் அதையும் போட்டோவில் சேர்த்துக்குங்க.