பொம்மைக்கு ஒரு வானம்

கொலுப் படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சரிந்த தொந்தி, நெற்றியில் பட்டை, முன்னால் குவியல் குவியலாக அரிசி, பருப்பு, மிளகாய். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஆனால் அந்தத் தொந்தியின் உருட்சியில் செய்தவரின் கைப்பக்குவம் முழுக்கத் தெரியும். அதையே செல்போனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள். தொந்தி தட்டையாகிவிடும். நெற்றியில் வெள்ளைப் புள்ளி ஒன்று பளிச்சிடும். முதுகுக்குப் பின்னால் சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த கேமராவோ ஸ்டுடியோ விளக்கோ வாங்க வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டி, டிரேசிங் பேப்பர், சார்ட் பேப்பர், வீட்டில் இருக்கும் எல்.இ.டி. பல்பு இரண்டு போதும். ஆனால் அவற்றை எங்கே வைப்பது என்று தெரிய, வெளிச்சத்தின் ஒரு குணத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

சூரியன் சின்ன விளக்கு

உச்சிவெயிலில் நின்றால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. மேகம் மூடினால் அந்த நிழல் கரைந்துபோகிறது. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். அவ்வளவு பெரிய விளக்கு, 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான் தெரிகிறது. நீட்டிய கையின் சுண்டுவிரல் அதை மறைத்துவிடும். மேகம் மூடும்போதோ வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வருவதால், ஒரு பக்கம் விழும் நிழலை மற்றொரு பக்கத்து ஒளி நிரப்பிவிடுகிறது.

நிழல் கூர்மையாக விழுமா, மென்மையாக விழுமா என்பதைத் தீர்மானிப்பது, பொம்மை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். 6 செ.மீ. விட்டமுள்ள சாதாரண பல்பை 7 மீட்டர் தள்ளி வைத்தால், அதுவும் சூரியனைப் போல அரை டிகிரிதான். அதே பல்பின் முன்னால் ஒரு ஏ4 அளவு டிரேசிங் பேப்பரைப் பிடித்து, அந்தப் பேப்பரைப் பொம்மையிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் வைத்தால், அதன் நீளம் 70 டிகிரிக்கும் அதிகமாக விரியும். செட்டியாருக்கு அது ஒரு பக்கத்து வானம்.

இங்கேதான் சிறிய பொருளைப் படமெடுப்பவருக்கு அதிர்ஷ்டம். மனிதருக்கு இப்படி ஒரு வானம் வேண்டுமென்றால் ஆள் உயரத் திரை வேண்டும். சாண் உயரப் பொம்மைக்கு ஒரு தாள் போதும்.

பெட்டி செய்வோம்

ஒரு பக்கம் 40 செ.மீ. வரும் அட்டைப்பெட்டியைத் திறந்த பக்கம் நம்மைப் பார்க்கும்படி வையுங்கள். இடது, வலது, மேல் பக்கங்களில் ஓரமாக நான்கு விரற்கடை விட்டு ஜன்னல் வெட்டுங்கள். மூன்று ஜன்னலிலும் டிரேசிங் பேப்பரை ஒட்டுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியும் நன்றாகவே வேலை செய்யும். உள்ளே வெள்ளை சார்ட் பேப்பர் ஒன்றைப் பின்சுவரின் உச்சியில் ஒட்டி, மடிக்காமல், வளைந்து தரையில் இறங்கும்படி விடுங்கள். மடிப்பு இல்லாததால் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று படத்தில் தெரியாது.

பல்பைப் பேப்பரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒட்டி வைத்தால் பேப்பரின் நடுவில் ஒரு வட்டம் மட்டும்தான் ஒளிரும். அந்த வட்டம்தான் உங்கள் விளக்கின் அளவு. ஒரு முழம் பின்னால் இழுங்கள். பேப்பர் முழுவதும் சமமாக ஒளிர ஆரம்பிக்கும். வெளிச்சம் குறையும், ஆனால் பொம்மை அசையாது. கேமரா கொஞ்சம் அதிக நேரம் திறந்திருந்தால் ஈடுகட்டிவிடலாம். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, 2 விநாடி டைமர் வைத்துவிட்டால் கை நடுக்கமும் கிடையாது.

பழைய குண்டு பல்பு வேண்டாம். அது இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. பேப்பரும் துணியும் பக்கத்தில் இருக்கும்போது அது ஆபத்து. 9 வாட் எல்.இ.டி. ஏறக்குறைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தைத் தரும்.

மித்ரா கட்டிய வானம்

இந்த வித்தைக்கு இந்திய சினிமாவில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1956-இல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். அப்படிப்பட்ட முற்றத்தில் வெயில் நேராக இறங்குவதில்லை. மேலே தெரியும் துண்டு வானத்திலிருந்து மெல்லிய வெளிச்சம் வழியும். ஸ்டுடியோ விளக்கை நேரே அடித்தால் அந்த உணர்வே போய்விடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். கீழிருந்து விளக்குகளை அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, முற்றத்து வானமாகவே இறங்கியது.

நம் பெட்டியிலும் ஒளி முக்கியமாக ஒரு திசையிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு பல்பையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் எரியவிட்டால் பொம்மை மறுபடியும் தட்டையாகிவிடும். கோயில் தூண் சிற்பம் சாய்வெயிலில்தானே உயிர் பெறுகிறது? அதனால் இடது பக்கம், சற்று முன்னால், சற்று மேலே ஒரு பல்பை மட்டும் எரியவிடுங்கள். வலது பக்கம் பெட்டிக்குள் தெர்மாகோல் துண்டு ஒன்றை நிறுத்துங்கள். அதை ஒரு அங்குலம் உள்ளே நகர்த்தினால் செட்டியாரின் அந்தப் பக்கத்துக் கன்னம் வெளுக்கும். வெளியே இழுத்தால் இருட்டும். எவ்வளவு இருட்டு வேண்டும் என்று உங்கள் கண்ணே முடிவு செய்யட்டும். இரண்டாவது பல்பை மேல் ஜன்னலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிறமும் கோடும்

படமெடுக்கும்போது அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பல்பின் நிற வெப்பநிலை 2700 கெல்வின், வெள்ளை பல்புக்கு 6500. இரண்டும் கலந்தால் பொம்மையின் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். கேமராவால் ஏதாவது ஒன்றைத்தான் வெள்ளையாக்க முடியும். பல்பு வாங்கும்போது உறையில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் குங்குமச் சிவப்பு குங்குமமாகவே தெரியும். 80 என்றால் பெரும்பாலும் சிவப்புகள் மங்கும்.

மலிவான சில எல்.இ.டி.க்கள் நம் மின்சாரத்தின் 50 சுழற்சிக்கேற்ப விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கிடைமட்டக் கோடுகளாக விழும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் கோடு மறைந்துவிடும். வெள்ளைப் பின்னணி சாம்பலாக வருகிறதென்றால், கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணி அளக்கிறது என்று பொருள். திரையில் பொம்மையின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள்.

காருக்கு வேறு வானம்

1:64 அளவு ஹாட் வீல்ஸ் பொம்மைக் காருக்கு நியாயம் வேறு. அதன் பளபளப்பான பெயின்ட் ஒரு கண்ணாடி. சுற்றியிருப்பதையெல்லாம், பல்பையும் உங்கள் சட்டையையும் சேர்த்து, காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் பெட்டிக்குள் வைத்தால் கார் முழுக்க வெள்ளை பூத்துவிடும். கறுப்பு அட்டையில் விரல் அகலத் துண்டுகள் வெட்டி, படத்தில் விழாதபடி இருபுறமும் நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு, காரின் விளிம்பில் ஒரு கோடாக ஓடி, கதவின் வளைவைச் செதுக்கிக் காட்டும்.

கார் நிஜமாகவே தெருவில் நிற்பதுபோல் வேண்டுமா? அப்போது பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். தெருவில் சூரியன் ஒன்றுதான். ஆகவே நிழலும் ஒன்றாகத்தான் விழ வேண்டும். ஒரே ஒரு பல்பைத் திரையில்லாமல் 3 மீட்டர் தள்ளி உயரத்தில் வையுங்கள். 160 செ.மீ. உயரத்தில் இருக்கும் மனிதக் கண், 64-இல் ஒரு பங்கானால் 2.5 செ.மீ. கேமராவின் லென்ஸ் அந்த உயரத்துக்கு இறங்கட்டும். மிக அருகே போகாமல் சற்று விலகி, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். பெரிய கேமராவென்றால் எஃப்/11, எஃப்/16 என்று துளையைச் சுருக்குங்கள்; காரின் மூக்கிலிருந்து வால் வரை தெளிவாக விழும். உள்ளங்கைக்குள் அடங்கும் கார், படத்தில் ஆள் ஏறிப்போகும் கார் ஆகிவிடும்.

ஒவ்வொரு முறை விளக்கை நகர்த்தியதும் ஒரு காரியம் செய்யுங்கள். பொம்மையை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். ரேகைகளில் ஒளி எப்படி இறங்குகிறது, விரல்களின் நிழல் எங்கே கரைகிறது என்று பாருங்கள். பிறகு செட்டியாரைத் திரும்ப உட்காரவையுங்கள். மீசையில் தூரிகை திரும்பிய இடம், தராசுத் தட்டின் மெல்லிய விளிம்பு, மிளகாய்க் குவியலில் ஒவ்வொரு மிளகாயும் அப்போது தனித்தனியாகத் தெரியும்.