புதுப்படம் வீட்டுக்கு வர 4 வாரம்! பூட்டு யார் கையில்?

தாம்பரம்:
மாலை 6 மணிக்கு மேல் கடற்கரையில் இருந்து தாம்பரம் வரும் மின்சார ரெயிலில் ஏறிப் பாருங்கள். ஒரு கையில் கம்பி. இன்னொரு கையில் செல்போன். கிண்டியில் சண்டைக்காட்சி, குரோம்பேட்டையில் கிளைமாக்ஸ்!

ஆனால், குரோம்பேட்டை வெற்றியிலும் கிழக்கு தாம்பரம் எம்.ஆரிலும் போன வெள்ளிக்கிழமை வந்த படம் அந்த செல்போனில் கிடைக்காது. "காசு தர்றேன், காட்டு" என்றாலும் கிடைக்காது. தமிழ்ப்படம் என்றால் பெரும்பாலும் 4 வாரம் பொறுக்க வேண்டும்.

இதன் விவரம் வருமாறு:-

அன்று படப்பெட்டி

காத்திருப்பது தாம்பரத்துக்குப் புதிது அல்ல. 1970-களில் புதுப்படம் முதலில் மவுண்ட் ரோடு பக்கம்தான் வரும். பிரிண்ட் போட செலவு அதிகம். எண்ணி சில பெட்டிகள்தான் போடுவார்கள். பட்டணத்தில் ஓடி ஓய்ந்த பிறகே பெட்டி புறநகருக்கு வரும். அதற்குள் பிரிண்டில் கோடு விழுந்து படம் முழுக்க மழை பெய்யும்! பொறுக்க முடியாதவர்கள் ரெயில் ஏறிப் போய்ப் பார்த்தார்கள்.

1980-களில் 'டெக்' வந்தது. கலர் டி.வி., டெக், நாலு கேசட். ஒரு ராத்திரி வாடகை. தெருவே பாய் விரித்து விடிய விடிய பார்த்தது. தியேட்டர்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1984-ல் பதிப்புரிமை சட்டம் திருத்தப்பட்டது. திருட்டு கேசட்டுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வந்தது. 2004-ல் தமிழக அரசு வீடியோ திருடர்களை குண்டர் சட்டத்திலும் சேர்த்தது.

சரி, அவர்கள் திருடர்கள். காசு கொடுத்து வீட்டில் பார்க்க நினைப்பவர் என்ன பாவம் செய்தார்?

கமல் போட்ட குண்டு

இந்தக் கேள்விக்கு 2013-ல் பதில் சொல்லப் பார்த்தவர் கமல்ஹாசன். 'விஸ்வரூபம்' படத்தை தியேட்டருக்கு வருவதற்கு முந்தின இரவே டி.டி.எச். வழியாக வீட்டுக்குக் கொடுக்கப் போவதாக அறிவித்தார். கட்டணம் 1,000 ரூபாய். குடும்பத்தோடு பார்க்கலாம். பக்கத்து வீட்டையும் கூப்பிடலாம்!

தியேட்டர் அதிபர்கள் கொதித்தார்கள். "வீட்டில் பார்த்தவன் தியேட்டருக்கு ஏன் வருவான்?" என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. தியேட்டரின் பிழைப்பே முதல் சில நாள் கூட்டத்தில்தான் இருக்கிறது. கமலின் திட்டம் நடக்கவில்லை. படம் தள்ளிப்போனது. பிறகு தடை என்ற வேறு வம்பும் சேர்ந்து, பிப்ரவரி 7-ந்தேதிதான் தமிழ்நாட்டில் வெளியானது.

2015-ல் டைரக்டர் சேரன் 'சி 2 எச்' என்ற பெயரில் தன் படத்தை டி.வி.டி.யாக வீடுகளுக்கே அனுப்பினார். அந்த வழியும் நிலைக்கவில்லை.

கொரோனா செய்த வேலை

கமலால் முடியாததை கொரோனா செய்தது. 2020-ல் தியேட்டர்கள் மூடிக்கிடந்தபோது, ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' மே 29-ந்தேதி நேராக ஓ.டி.டி.யில் வந்தது. "இனி இந்த நிறுவனத்தின் படங்களைத் திரையிட மாட்டோம்" என்று தியேட்டர் தரப்பு எச்சரித்தது. 2021 பொங்கலுக்கு தியேட்டருக்கு வந்த 'மாஸ்டர்' 16 நாளில் ஓ.டி.டி.க்குப் போய்விட்டது. மறுபடியும் சலசலப்பு!

அமெரிக்காவிலும் இதே கதை. யுனிவர்சல் கம்பெனி 2020-ல் ஒரு படத்தை நேரே வீட்டுக்கு விட்டது. "உன் படமே வேண்டாம்" என்றது ஏ.எம்.சி. தியேட்டர் நிறுவனம். 17 நாள் இடைவெளி என்று பேசி முடித்தார்கள்.

தயாரிப்பாளர், தியேட்டர், ஓ.டி.டி. ஆகிய மூன்று பேரும் உட்கார்ந்து நாள் குறிக்கிறார்கள். டிக்கெட் வாங்குகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை.

போனுக்குள்ளும் பூட்டு

4 வாரம் பொறுத்து, சந்தாவும் கட்டி, ரெயிலில் பார்க்க படத்தை போனில் இறக்கி வைத்தாலும் அது சொந்தம் ஆகாது. சில நாளில் கெடு முடியும். சந்தா நின்றால் படமும் போகும். நண்பருக்கு அனுப்ப முடியாது. அந்தக் காலத்து கேசட்டையாவது பீரோவில் வைக்கலாம்!

திருடனுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 2023-ல் சினிமா சட்டத்தைத் திருத்தி, படத்தைத் திருடினால் 3 ஆண்டு வரை ஜெயில் என்று கடுமையாக்கினார்கள். ஆனாலும் திருட்டுப் பிரதி போனுக்குப் போன் பாய்கிறது.

8 வாரம் என்ன ஆச்சு?

இந்திப் படங்களுக்கு பெரிய மல்டிபிளக்ஸ்காரர்கள் கேட்பது 8 வாரம். விஜய்யின் 'லியோ' 2023-ல் அதற்கு ஒத்துவரவில்லை. அதன் இந்திப் பதிப்பு அந்த தியேட்டர்களில் வரவில்லை.

2025-ல் 'தக் லைப்' வந்தபோது, 8 வாரத்துக்குப் பிறகே ஓ.டி.டி. என்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர்? தியேட்டருக்கு முன்பே வீட்டுக்கு என்ற அதே கமல்!

ஜூன் 5-ந்தேதி படம் வந்தது. எதிர்பார்த்த வசூல் இல்லை. ஜூலை 3-ந்தேதி ஓ.டி.டி.யில் வந்துவிட்டது. சரியாக 28 நாள்.