மூக்கில்லாத குளவியின் மோப்பம்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மூக்கு வழி காட்டிவிடும். இது மல்லிகைச் சரம், இது மசாலைத் தூள், இது ஊதுபத்தி என்று சொல்லிவிடலாம். மோப்பத்தில் இப்படிக் கெட்டிக்கார உயிர் ஒன்று நம் செம்பனைத் தோட்டத்திலும் உண்டு. அதுதான் ஒட்டுண்ணிக் குளவி.

எள்ளளவே இருக்கும் இக்குளவி, செம்பனை ஓலையைத் தின்னும் மூட்டைப் புழுவைத் தேடிப் பிடித்து முட்டையிடும். 'உலாட் பூங்குஸ்' என்கிறோமே, அதே புழுதான். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவையே தின்று வளரும்.

குளவிக்கு மூக்கு ஏது? தலையிலுள்ள இரு உணர்கொம்புகளே அதற்கு மூக்கு. அவற்றில் நுண்ணிய பூட்டுகள் உள்ளன. ஏற்ற வாசனை சாவிபோல வந்து பொருந்தினால் செய்தி மூளைக்குப் போகும். எந்தப் பூட்டை எப்படிச் செய்வது என்பது மரபணுவில் எழுதியிருக்கிறது. ஈக்களின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நாசோனியா என்ற குளவியின் மரபணுக்களை 2010-இல் படித்தபோது, வேலை செய்யும் வாசனை மரபணுக்கள் 225 இருந்தன. பழ ஈக்கோ சுமார் 60தான்! ஒரு மரபணு இரண்டாகப் பெருகி, ஒன்று சற்றே மாறினால் புதிய பூட்டு பிறக்கிறது. இப்படியே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சொத்து இது.

புழு கடித்த சோள இலை தனி வாசனை விட, அதை மோந்து குளவி வருவதை 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

1960-களின் தொடக்கத்தில் நம் செம்பனைத் தோட்டங்களில் கடும் மருந்து அடித்தார்கள். மூட்டைக்குள் இருந்த புழு தப்பியது, குளவி மடிந்தது. புழு இன்னும் பெருகியது! பி.ஜே. வுட் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்தார். அந்த மருந்தை நிறுத்தியதும் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது.

இதையெல்லாம் நான் படித்ததே ஒரு தவற்றுக்குப் பிறகுதான். கோத்தோங் ரோயோங் நாளில் பாதையோரப் பூச்செடிகளைக் களையென்று எண்ணி, பிள்ளைகளைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். மண்டோர் ஓடி வந்தார்.

"வாத்தியாரய்யா, அது களையில்லை! குளவிக்குத் தேன் வேணுமின்னு நட்டு வச்சது!"

காலை எட்டு மணிக்கு மலரும் 'பூங்கா புக்கூல் லாப்பான்' அது. வெட்கத்தோடு பிள்ளைகளும் நானும் மறுபடி நட்டோம்.

பெற்றோர்களே, பாதையோரம் அந்த வெள்ளைப் பூவைக் கண்டால் பிள்ளைகளைப் பறிக்க விடாதீர்கள். அந்தத் தேனை உண்ணும் குளவி நம் செம்பனைக்குக் காவல் இருக்கிறது.