கணக்கோடு ஆடு – 9: பூஜ்யம் வாங்கும் கமிஷன்

போன வாரம் பகடையோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் ரூலெட் மேசையில் ஒரு கிறுக்குத்தனமான ஆட்டம் ஆடிப் பார்ப்போம்.

சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 கட்டங்கள். ஒன்றையும் விடாமல் கட்டத்துக்கு ஒரு டோக்கன் வைத்துவிடுங்கள். 37 டோக்கன் போயிற்று. பந்து எங்கே விழுந்தாலும் ஜெயிப்பது நாம்தான். ஜெயித்த டோக்கனுக்கு 35 தருவார்கள், வைத்த ஒன்றும் திரும்பி வரும். எண்ணிப் பாருங்கள், 36தான் இருக்கும். குறைகிற ஒன்றை அந்தப் பச்சை நிறப் பூஜ்யம் எடுத்துக்கொண்டது. 37-க்கு 1, அதாவது 2.7 சதவீதம். ஹவுஸ் எட்ஜ் என்கிறார்களே, அது இவ்வளவுதான். சக்கரத்தில் காந்தம் வைக்க வேண்டாம், பந்தில் ஈயம் ஊற்ற வேண்டாம்.

அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு பச்சைக் கட்டமும் உண்டு. பட்டுவாடா அதே 35தான். ஆக 38-க்கு 2 போகும், 5.26 சதவீதம்.

ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தைப் பிரபலமாக்கியவர்கள் பிரான்சுவா பிளாங்கும் அவர் சகோதரர் லூயியும். 1843-ல் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் கடை விரித்தபோது, மற்ற விடுதிகளில் இரண்டு பூஜ்யம் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் ஒன்றை எடுத்துவிட்டார்கள். சொந்த லாப விகிதத்தைத் தாங்களே வெட்டிக்கொண்ட மாதிரி தெரியும். ஆனால் கூட்டம் ஹோம்பர்க்குக்குத் திரும்பியது. 1863-ல் மாண்டி கார்லோவை எடுத்து நடத்தப் போனவரும் இதே பிரான்சுவாதான். கமிஷன் மண்டிக்காரர் மாதிரி யோசித்த ஆள். விவசாயிக்கு லாபமா நட்டமா என்பது மண்டியின் கவலை இல்லை; சரக்கு விலைபோனால் அதன் சதவீதம் வந்துவிடும். கேசினோவும் நம் தோல்வியில் பங்கு கேட்பதில்லை. மேசையில் புரளும் ஒவ்வொரு காசிலும் கேட்கிறது. ஜெயித்த காசைத் திருப்பி வைத்தால் அதிலும் கேட்கும்.

இணைய கேசினோவின் போனஸ் இந்தப் புரளலுக்காகவே பிறந்தது.

சில வருடங்களுக்கு முன் லண்டனிலிருந்து என் அத்தை மகன் ஒரு விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்பினான். “மச்சான், 100 பவுண்ட் போட்டா இன்னொரு 100 சும்மா தர்றான். விடலாமா?” நிபந்தனைப் பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. போனஸைப் போல 35 மடங்குக்குப் பந்தயம் வைத்து முடித்த பிறகுதான் பணத்தை வெளியே எடுக்கலாம் என்றிருந்தது. 3,500 பவுண்ட்!

ஸ்லாட் எந்திரத்தில் ‘96 சதவீதம் திரும்பும்’ என்று போட்டிருப்பார்கள். பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கொண்டுபோன 100-ல் 96 மிஞ்சும் என்று அதற்கு அர்த்தமில்லை. சுழற்சிக்குச் சுழற்சி 4 சதவீதம் கழியும். 3,500-ல் 4 சதவீதம் 140. சொந்தக் காசும் போனஸும் சேர்ந்த 200-ல் 140 போக 60. நூறு சும்மா கிடைத்தவன், போட்ட நூறில் நாற்பதை விட்டுவிட்டு வருகிறான். இதுவும் சராசரிதான், அந்த 96-ல் எப்போதாவது விழும் பெரிய பரிசும் அடக்கம் என்பதால், பலருக்கு 3,500-ஐத் தொடும் முன்பே பை காலியாகிவிடும். பிரிட்டனில் ஒரு ஸ்லாட் சுழற்சிக்குக் குறைந்தது இரண்டரை நொடி ஆக வேண்டும் என்று விதி. தடவைக்கு ஒரு பவுண்ட் என்றால், 3,500 சுழற்சிக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பொத்தானை அழுத்த வேண்டும்.

“சரி, பிளாக்ஜாக் ஆடறேன்” என்றான். விவரமான யோசனைதான். சரியான முறையில் ஆடினால் அதில் எட்ஜ் அரை சதவீதத்தை ஒட்டித்தான் வரும். ஆனால் அந்தப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருந்தது: பிளாக்ஜாக்கில் வைக்கும் பந்தயத்தில் 10 சதவீதமே கணக்கில் சேரும். அப்படியானால் 3,500-ஐ முடிக்க 35,000 புரட்ட வேண்டும். அதில் அரை சதவீதம் 175. நல்ல ஆட்டத்தைத் தேடிப் போனவனுக்கு ஸ்லாட்டைவிட 35 பவுண்ட் கூடுதல் செலவு! அந்த வரியை எழுதியவருக்கு நம்மைவிட நன்றாகக் கணக்குத் தெரியும்.

பெரிய தொகையாக வைத்துச் சீக்கிரம் முடிக்கலாமே என்றால், அதற்கும் பூட்டு. போனஸ் ஓடும்போது தடவைக்கு 5 பவுண்டுக்கு மேல் வைத்தால் ஜெயித்தது செல்லாது. சின்னச் சின்னதாக, நிறையத் தடவை ஆட வேண்டும். நாலைந்து பெரிய பந்தயத்தில் அதிர்ஷ்டம் யார் பக்கமும் சாயலாம். ஆயிரக்கணக்கான சின்னப் பந்தயத்தில் சதவீதம் தன் வேலையைக் காட்டிவிடும்.

இந்த மடங்கு 10-ஐத் தாண்டக் கூடாது என்று பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2025-ல் அறிவித்தது. 1,000 பவுண்ட் புரளலுக்கு ஸ்லாட்டில் கழிவது 40தான். எட்ஜில் ஆணையம் கை வைக்கவில்லை. மடங்கை மட்டும்தான் தொட்டது. நம் நாட்டில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் மொத்தமாகத் தடை செய்திருக்கிறது. ‘வெளிநாட்டுத் தளம், பிரச்சினை இல்லை’ என்று போனுக்கு வரும் விளம்பரங்கள் சட்டத்துக்கும் வெளியே, ஆணையத்துக்கும் வெளியே. பணம் வராவிட்டால் போய்க் கேட்க அங்கே ஒரு படிக்கட்டுகூடக் கிடையாது.

அத்தை மகன் அன்று பணம் போடவில்லை. “ரூலெட்ல சிவப்பு வர்ற வரைக்கும் இரட்டிப்பா வெச்சுக்கிட்டே போனா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனான். 1913 ஆகஸ்டில் மாண்டி கார்லோ மேசையொன்றில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்த இரவை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)