பச்சையான பூண்டு ஊறுகாயைக் கொட்டாதீங்க!

எலுமிச்சைச் சாறு பிழிந்து பூண்டு ஊறுகாய் போட்டால், சில நாளில் பூண்டுப் பல் பச்சையாகவோ நீலமாகவோ மாறிவிடுவது உண்டு. 'ஐயையோ, விஷமாயிடுச்சு' என்று ஜாடியோடு கொட்டக் கிளம்பும் தோழிகளே, கொஞ்சம் பொறுங்கள்!

பூண்டிலுள்ள கந்தகச் சத்து, நறுக்கும்போது வெளிப்பட்டு, புளிப்போடு சேர்வதால் வரும் நிறம் இது. இஞ்சி பூண்டு விழுது பச்சையாவதும் இதனால்தான். தாராளமாகச் சாப்பிடலாம். சீனாவில் பச்சை நிறம் வர வேண்டும் என்றே பூண்டை வினிகரில் ஊறப் போட்டு, 'லாபா பூண்டு' என்று ருசித்துச் சாப்பிடுகிறார்கள். நிறம் பிடிக்காதவங்க, முதலில் பூண்டை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிவிட்டு, பிறகு புளிப்பு சேருங்கள். பெரும்பாலும் நிறம் மாறாது.

பூசணம் பூத்தாலோ, நுரைத்து நாறினாலோ மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. புளிப்பே இல்லாமல், பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில் ஒருவகைக் கிருமி வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். நரம்பைத் தாக்கி, மூச்சையே நிறுத்திவிடக் கூடிய 'பாட்டுலிசம்' என்ற நோய் இதனால் வரும். 1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில், ஓர் ஓட்டலில் இப்படி வைத்திருந்த பூண்டைச் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. நிறத்திலோ வாசனையிலோ இந்த விஷம் தெரியாது.

ஆகவே, எண்ணெயில் போட்ட பச்சைப் பூண்டை ஃபிரிட்ஜில் வைத்து, நாலு நாளைக்குள் தீர்த்துடுங்க. தங்கிவிட்டால், வீணாகுதேன்னு பார்க்காதீங்க.

- ஒரு வாசகி, விருதுநகர்